விழுவதை எண்ணிக் கட்டிய எந்திரம்

கண்ணில் காகிள்ஸ் மாட்டிக்கொண்டு, ட்ரோனின் கேமரா காண்பதைத் தானும் கண்டபடி ஓட்டுவதுதான் ட்ரோன் ரேஸ். 2016-இல் துபாயில் நடந்த உலகப் போட்டியில் 2,50,000 டாலர் பரிசை வென்ற அணியின் ஓட்டுநர் லூக் பேனிஸ்டர், 15 வயது பிரிட்டிஷ் சிறுவன். இந்தப் பந்தயத்தில் மோதாத ட்ரோன் கிடையாது. மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில் போய்க் கம்பத்தில் இடிக்கும். ப்ரொபெல்லரை மாற்றியதும் அடுத்த சுற்றுக்குக் கிளம்பிவிடும். அத்தனை அடியையும் எப்படித் தாங்குகிறது? ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தால் புரியும்.

எலும்புக்கூடு

பேட்டரியை எடுத்துவிட்டு ப்ரொபெல்லர்களைக் கழற்றுவதுதான் முதல் வேலை. 5 அங்குல அளவில், மூன்று இதழ் கொண்ட பாலிகார்பனேட் பிளாஸ்டிக் அவை. மோதலின் முதல் அடியை வாங்கி வளைபவையும் ஒடிபவையும் இவைதான். விலையும் குறைவு.

மேல்தகட்டை நீக்கினால் கார்பன் ஃபைபர் சட்டம் முழுசாகத் தெரியும். நான்கு கைகளும் 5, 6 மில்லிமீட்டர் கனம். பெரும்பாலான சட்டங்களில் ஒரு கை முறிந்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் உறை உரிந்த வயர் சட்டத்தில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். ரேடியோ அலையையும் அது மறைக்கும் என்பதால்தான் ஆன்டெனாக்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன.

நடுவில் இரண்டு போர்டுகள்

சட்டத்தின் நடுவே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சர்க்யூட் போர்டுகள். மேலே இருப்பது ஃப்ளைட் கன்ட்ரோலர். அதில் 4 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கும் ஒரு சிப், கைரோஸ்கோப். ட்ரோன் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை நொடிக்கு 8,000 தடவை வரை அளந்து சொல்கிறது. இந்த எந்திரத்துக்கு இறக்கை கிடையாது, வால் கிடையாது. உள்ளங்கையில் நிறுத்திய கம்பைப்போல இடைவிடாமல் சரிசெய்துகொண்டே இருந்தால்தான் காற்றில் நிற்கும். மோட்டாரின் அதிர்வு கைரோவைக் குழப்பிவிடாதபடி, போர்டின் நான்கு மூலையிலும் ரப்பர் வளையங்கள் போட்டிருக்கிறார்கள்.

கீழே உள்ள போர்டு நான்கு மோட்டார்களுக்கும் மின்சாரத்தைப் பிரித்துத் தருவது. மோட்டாருக்கு 6 வீதம், மின்சாரத்தைத் திறந்து மூடும் 24 மாஸ்ஃபெட் சுவிட்சுகள் அதில் இருக்கும். பேட்டரி வயர் சேருமிடத்தில் பற்றவைத்திருக்கும் பெரிய கெபாசிட்டர், மோட்டார்கள் சட்டென்று வேகம் கூட்டும்போதும் குறைக்கும்போதும் வரும் மின்னழுத்தத் துள்ளலை உள்வாங்கிக்கொள்கிறது.

போர்டுகளைப் பொருத்தும் துளைகளுக்கு இடையே பெரும்பாலும் 30.5 மில்லிமீட்டர். பல கம்பெனிகளும் இதே அளவைப் பின்பற்றுவதால், ஒருவருடைய போர்டு இன்னொருவருடைய சட்டத்தில் உட்காரும்.

மோட்டாரின் உள்ளே

நான் அதிகம் ரசித்த பாகம் மோட்டார். அடியில் உள்ள சின்ன ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு மேல்மூடியை இழுத்தால் சட்டென்று வராது, காந்தம் பிடித்து இழுக்கும். விரலுக்கு வலுக் கொடுத்துப் பிரித்தால், மூடியின் உட்சுவரில் வரிசையாக ஒட்டிய 14 காந்தங்கள். உள்ளே 12 பற்களில் நெருக்கமாகச் சுற்றிய செப்புக் கம்பி. காந்தத்துக்கும் பல்லுக்கும் இடையே மெல்லிய இடைவெளிதான், அங்கே இரும்புத்தூள் ஒட்டினாலே மோட்டார் கரகரக்கும். செப்பு அசையாமல் நிற்க, மூடிதான் சுழல்கிறது. ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதே கேவி. 1,950 கேவி மோட்டாருக்கு 22.2 வோல்ட் கொடுத்தால், சுமை இல்லாத நிலையில் நிமிடத்துக்குச் சுமார் 43,000 சுற்று. மோட்டாரிலிருந்து வரும் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிப் பற்றவைத்தால் எதிர்த்திசையில் சுற்றும். இரண்டு மோட்டார் வலமாகவும் இரண்டு இடமாகவும் சுற்றுவதால்தான் ட்ரோன் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளாமல் இருக்கிறது.

திறந்து வைத்த அறிவு

இதை ஓட்டும் மென்பொருளும் திறந்தே கிடக்கிறது. பரவலாகப் பயன்படும் பீட்டாஃப்ளைட்டின் மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். அதன் பூர்விகத்தைத் தேடிப் போனால் மல்டிவீ என்ற திட்டத்தில் போய் நிற்கும். நின்டென்டோ வீ விளையாட்டுக் கருவியின் கைரோவைப் பிரித்தெடுத்து, பொழுதுபோக்காக ட்ரோன் கட்டியவர்கள் தொடங்கியது அது. பிரித்துப் பார்த்தவர்கள் போட்ட அஸ்திவாரத்தின்மேல் நிற்கும் தொழில்நுட்பம் இது.

கையில் இருக்கும் செல்போனைத் திறக்க முடியாதபடி பசை போட்டு ஒட்டித் தரும் காலத்தில், உடையும், உடைந்தால் மாற்றலாம் என்று எண்ணியே ஒவ்வொரு பாகத்தையும் அமைத்த எந்திரம் நமக்குப் பெரிய பாடம். பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களின் மேசையில் ஒரு பழைய ரேசிங் ட்ரோனை வையுங்கள். மின்னணுவியல், இயந்திரவியல், நிரலாக்கம் மூன்றும் ஒரே சட்டத்தில் இருக்கின்றன. உப்பிய லித்தியம் பேட்டரியை மட்டும் தொட விடாதீர்கள், தீப்பிடிக்கும். மற்றதையெல்லாம் அவர்களே கழற்றட்டும், அவர்களே மாட்டட்டும்.