கடல் பிரிக்காததைக் கணவாய் பிரித்தது

கண்ணாடி விரியன் அம்பாசமுத்திரத்து நெல்வயல்களிலும் உண்டு, இலங்கையின் நெல்வயல்களிலும் உண்டு. இடையே கடல் கிடப்பதால் இரண்டும் வெகுவாக விலகிப்போயிருக்கும் என்றுதான் நினைப்போம். ஆனால் 2007-இல் வெளியான மரபணு ஆய்வு, மியான்மர், தாய்லாந்துப் பக்கத்து விரியன்களைத் தனி இனமாகப் பிரித்துவிட்டு, இந்திய, இலங்கை விரியன்களை ஒரே இனத்துக்குள் வைத்தது. பாக் நீரிணை ஆழமற்ற கடல். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது அங்கே தரைதான் இருந்தது. சமவெளிப் பாம்புக்கு அந்தத் தரை போதும். ஈரமும் குளிர்ச்சியும் தேடி மலை உச்சிக் காடுகளில் வாழும் பெருஞ்செதில் குழிவிரியனுக்கோ, மேற்குத் தொடர்ச்சி மலையை வெட்டும் செங்கோட்டைக் கணவாயின் வெப்பமான தாழ்நிலமே கடக்க முடியாத கடல். மேற்குத் தொடர்ச்சி மலைக் குழிவிரியன்களின் மரபணுவையும் செதிலையும் உடலமைப்பையும் சேர்த்து ஆராய்ந்தவர்கள், கணவாய்க்குத் தெற்கே வாழ்வதை 2021-இல் புதிய இனமாகவே அறிவித்தார்கள். அப்படிப் பார்த்தால், கணவாய்க்குத் தெற்கே தாமிரபரணி பிறக்கும் அகத்தியமலைதான் இந்த வட்டாரத்தின் உண்மையான தீவு.

அப்படியானால், கடல் தாண்டியும் ஒரே இனமாக இருக்கும் கண்ணாடி விரியனுக்கு எங்கும் ஒரே மருந்து போதும் என்று முடிவு கட்டலாமா? கூடாது என்பதே என் வாதம். பாம்பின் வம்சாவளி ஒரு கணக்கு, விஷத்தின் சேர்மானம் வேறொரு கணக்கு. அதே 2007 ஆய்வில், கடிபட்டவர்களிடம் தெரியும் அறிகுறிகள் மரபுக் கிளைகளோடு ஒத்துப்போகவில்லை. இலங்கையில் இந்த விரியன் கடித்தால் ரத்தம் உறையாமல் போவதோடு கண்ணிமை சரிவதும் சாதாரணம். இந்தியாவிலேயே பல பகுதிகளில் இமை சரிவது அரிது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வும், இடத்துக்கு இடம் கண்ணாடி விரியன் விஷம் மாறுவதையும், கடைக்கு வரும் விஷமுறிவு மருந்து சில பகுதி விஷங்களைச் சரிவர முறிக்காததையும் காட்டியது. அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பங்கு, 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து, அதாவது சென்னைக்குத் தெற்கே சிறிய வட்டாரத்தில் பிடிபடும் பாம்புகளிலிருந்து வருகிறது.

ஊருக்கொரு மருந்து கட்டுப்படியாகுமா, கடித்த பாம்பையே அடையாளம் தெரியாத மருத்துவர் எதை ஏற்றுவார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஊருக்கொரு மருந்து தேவையில்லை. மருந்து தயாரிப்பதற்காகக் குதிரைகளுக்குச் செலுத்தும் விஷக் கலவையிலேயே பல வட்டாரத்து விஷத்தையும் சேர்க்கலாம். மருத்துவர் கையில் இருப்பது அப்போதும் ஒரே குப்பிதான். இருப்பதை வைத்தே எத்தனையோ பேர் பிழைக்கிறார்களே என்பதும் மெய்தான். கடிபட்டவர் இன்றைக்கு அந்த மருந்துக்கே உடனே ஓட வேண்டும். ஆனால் 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடிக்கு ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கும்போது, இருப்பதே போதும் என்று சொல்ல மனம் வரவில்லை. 2024-இல் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கிய தமிழக அரசு, தாமிரபரணி வயல்களின் விரியன் விஷத்தையும் சேகரிக்க வனத்துறை அனுமதியோடு ஏற்பாடு செய்ய வேண்டும்.