பிள்ளை பெற்றால் அப்படித்தான் என்று விட்டுவிடலாமா?

இருமும்போதும் தும்மும்போதும் குடத்தைத் தூக்கும்போதும் சிறுநீர் சொட்டுகிறது என்று ஒரு பெண் தயங்கித் தயங்கிச் சொன்னால், ‘பிள்ளை பெற்றவளுக்கு அப்படித்தான் இருக்கும்’ என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். பலருக்கும் வருகிறது என்பது உண்மை. அதனால் பொறுத்துக்கொண்டு போக வேண்டியதுதான் என்பது தவறு. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குபவை, முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து வால் எலும்பு வரை தூளி போலத் தொங்கும் இடுப்புத்தளத் தசைகள். கர்ப்பத்தின் பாரம், பிரசவத்தின் இழுவை, மாதவிடாய் நின்றபின் குறையும் ஹார்மோன், நாள்பட்ட மலச்சிக்கல், தீராத இருமல், உடற்பருமன் எல்லாம் அவற்றைத் தளர்த்துகின்றன. தளர்ந்தால் கசிவு வரலாம். ‘அடி இறங்கிவிட்டது’ என்று பெண்கள் தணிந்த குரலில் சொல்லும் கருப்பை இறக்கமும் வரலாம். ஆனால் இவையும் தசைகள்தாமே. கைகால் தசையைப் போலப் பழக்கினால் இவையும் வலுப்பெறும்.

அமெரிக்க மகளிர்நோய் மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இலேயே இதற்கான பயிற்சியை எழுதி வெளியிட்டார். 2018-இல் காக்ரேன் அமைப்பு 31 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. இருமல், தும்மலில் கசிவு உள்ளவர்களில், பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமாகிவிட்டது என்றார்கள். செய்யாதவர்களில் 6 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னார்கள். பல ஆய்வுகள் சிறியவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படியிருந்தும், மாத்திரையும் கத்தியும் இல்லாத ஒரு சிகிச்சைக்கு இது பெரிய வித்தியாசம்.

‘நானும் செய்து பார்த்தேன், பலனில்லை’ என்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. குறை பெரும்பாலும் கற்றுக்கொடுத்த விதத்தில் இருக்கிறது. வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்தபோது ஏறக்குறைய பாதிப் பெண்களே சரியாகச் செய்தார்கள், கால்வாசிப் பேர் கசிவை அதிகமாக்கக்கூடிய விதத்தில் முக்கினார்கள் என்று 1991-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வாயு வெளியேறாமல் அடக்குவதுபோல உள்ளே, மேலே இழுக்க வேண்டும். வயிறும் தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சையும் பிடிக்கக் கூடாது. ஒரு வேளைக்குக் குறைந்தது 8 முறை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதமாவது மேற்பார்வையுடன் செய்ய வேண்டும் என்கிறது பிரிட்டனின் நைஸ் (NICE) என்ற மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதல். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுவது பயிற்சி ஆகாது. இன்னொன்று, சிலருக்குத் தசை தளர்வதற்குப் பதிலாக இறுகியே கிடக்கும்; உடலுறவில் வலி, சிறுநீர் வரத் தாமதம் என்றிருக்கும். அவர்கள் மேலும் இறுக்கினால் தொல்லை கூடும். எனவே மகப்பேறு மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ ஒருமுறை பார்த்துச் சொல்வது நல்லது.

அந்தக் காலத்துப் பெண்கள் இதெல்லாம் இல்லாமல் நன்றாகத்தானே இருந்தார்கள் என்றும் கேட்கிறார்கள். வெளியே சொல்லவில்லை என்பதால் நன்றாக இருந்தார்கள் என்று ஆகிவிடாது. பிரசவமான கையோடு பாரம் சுமக்கும் நேபாள மலைக் கிராமங்களில் கருப்பை இறக்கம் அவ்வளவு பரவலாக இருந்ததால், 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அதைப் பெண்களின் உரிமைப் பிரச்சினை என்று தீர்ப்பளித்தது. சிசேரியன் செய்துகொண்டால் தப்பித்துவிடலாம் என்பதும் அரைகுறைக் கணக்கு. ஆபத்து குறையும், இல்லாமல் போகாது, ஒன்பது மாதப் பாரம் அப்போதும் உண்டு. நம் வீடுகளில் பிள்ளைபெற்றவளுக்குப் பத்தியச் சோறு, பிரசவ மருந்து, வயிற்றுக்கட்டு என்று எவ்வளவோ பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். வயிற்றைக் கட்டும் துணியால் இந்தத் தசைகளுக்கு வலு வராது. பிரான்ஸில் பிரசவத்துக்குப் பிந்தைய இடுப்புத்தளப் பயிற்சிக்குச் சமூகக் காப்பீடே பணம் தருகிறது. இங்கே, வீடு தேடி வரும் கிராம சுகாதாரச் செவிலியர் ‘இருமினால் கசிகிறதா?’ என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி வேலை முடியும்.

முற்றிய இறக்கம் பயிற்சியால் மட்டும் சரியாகாது. அதற்கு உள்ளே வைக்கும் வளையமும் அறுவை சிகிச்சையும் இருக்கின்றன. சிறுநீரில் ரத்தம், எரிச்சல், கீழே ஏதோ பிதுங்கி வருவதுபோன்ற உணர்வு இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திருக்காமல், அடுத்த முறை போகும்போது நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.