படகு வலிக்க உயரம் எவ்வளவு வேண்டும்?

எங்கள் ஊரில் துடுப்பாட்டம் என்றால் கிரிக்கெட். ஆகவே எங்கள் மகள், பள்ளிக்கூடத்தில் துடுப்புப் பிடிக்கப் போகிறேன் என்று சொன்னபோது நாங்கள் மட்டையைத்தான் நினைத்தோம். அவள் சொன்னது தேம்ஸ் நதியில் படகு வலிப்பதை.

சில கிழமைகளில் அவள் இரவுச் சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கினாள். "உன் உயரத்துக்கு இது சரிவராது, மெலிந்தாலாவது பார்க்கலாம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கணக்கு எழுதிப் பிழைக்கிறவர்கள் நாங்கள். இதையும் வரவு, செலவு என்று பிரித்துப் பார்த்தோம். மற்றப் பெற்றோருக்கும் உதவும் என்பதால் இங்கே தருகிறோம்.

முதலில் உயரம். போட்டிப் படகில் இருக்கை முன்னும் பின்னும் வழுக்கி ஓடும். முதலில் கால்கள் உதைக்கும், பிறகு முதுகு சாயும், கடைசியில் கைகள் இழுக்கும். காலும் கையும் நீளமானால் துடுப்பு தண்ணீருக்குள் கூடிய தூரம் போகும். ஒரே எண்ணிக்கையான வலிப்பில் படகு அதிக தூரம் நகரும். உயரமானவருக்கு இது உண்மையான வரவுதான்.

அடுத்தது நிறை. ஓடுகிறவர் தன் உடலைத் தானே சுமக்கிறார். படகு வலிக்கிறவரைத் தண்ணீர் தாங்குகிறது. ஆனாலும் பாரம் கூடினால் படகு ஆழமாக அமிழும், தண்ணீரின் தடையும் கூடும். வேகத்தை 10 வீதம் கூட்ட ஏறக்குறைய 33 வீதம் கூடுதல் வலு வேண்டும். ஏனெனில் தேவைப்படும் வலு வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. அந்த வலுவைத் தருவது தசை, இதயம், நுரையீரல். தசையாக ஏறும் நிறை தன் செலவை விடக் கூடுதலாக உழைத்துத் தரும். கொழுப்பாக ஏறுவது வெறும் பாரம். தராசு இரண்டையும் ஒரே எண்ணாகத்தான் காட்டும்.

பட்டினி கிடந்தால் அந்த எண் குறையும். ஆனால் குறைவதில் தசையும் தண்ணீரும் சேர்ந்திருக்கும். 2000 மீற்றர் ஓட்டம் ஆறு முதல் எட்டு நிமிடம் நீடிப்பது. வெறும் வயிற்றில் அதை முடிக்க முடியாது.

நிறை குறைந்தவர்களுக்கென்று 1996 முதல் ஒலிம்பிக்கில் தனிப் பிரிவு இருந்தது. ஆண்களுக்கு உச்சம் 72.5 கிலோ, பெண்களுக்கு 59 கிலோ. 2012 இல், லண்டனுக்கு மேற்கே டோர்னி ஏரியில், சோஃபி ஹோஸ்கிங்கும் கத்தரின் கோப்லண்டும் அதில் தங்கம் வென்றார்கள். அந்தப் பிரிவு 2024 பாரிஸ் ஒலிம்பிக்குடன் முடிந்துவிட்டது. எடை பார்க்கும் நாளுக்காகப் பிள்ளைகள் வாடுவது இந்தப் பிரிவின் மீது நெடுநாளாக இருந்த கவலை.

அப்படியானால் குள்ளமானவர்களுக்கு வழியே இல்லையா? 2007 இல் பிரித்தானியாவில் உயரமானவர்களைத் தேடி ஒரு திட்டம் தொடங்கினார்கள். பெண்களுக்குக் குறைந்தது 180 சென்ரிமீற்றர் கேட்டார்கள். ஹெலன் குளோவர் அந்த அளவுக்குச் சற்றுக் குறைவு. அளக்கும்போது குதிக்காலை உயர்த்தி நின்றதாக அவரே பிறகு சொன்னார். ஐந்து வருடத்தில், ஹெதர் ஸ்டானிங்குடன் சேர்ந்து, லண்டன் ஒலிம்பிக்கில் பிரித்தானியாவின் முதல் தங்கத்தை வென்றார். 2016 இலும் தங்கம். அவரும் உயரமானவர்தான், ஆனால் கேட்ட அளவு அவரிடம் இருக்கவில்லை. அளவுநாடாவை மட்டும் நம்பியிருந்தால் அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

எட்டுப் பேர் வலிக்கும் படகில் எல்லோரும் ஒரே அளவாக இருப்பதும் இல்லை. பலசாலிகளை நடுவில் வைப்பார்கள். ஒடுங்கிய முன்முனையில் பெரும்பாலும் பாரம் குறைந்த, நுட்பமாக வலிக்கத் தெரிந்தவர் இருப்பார். சுக்கான் பிடிப்பவர் சிறிய உடம்பாக இருப்பதே நல்லது. அவருக்கும் சர்வதேச விதிப்படி 55 கிலோவுக்குக் குறையக்கூடாது. குறைந்தால் அந்த அளவுக்குப் பாரம் சேர்த்துப் படகில் ஏற்ற வேண்டும்.

இவ்வளவையும் சாப்பாட்டு மேசையில் இருந்து மகளுக்குச் சொன்னோம். உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. சில நாட்கள் கழித்துத்தான் தட்டை நீட்டினாள். இப்போது அவள் படகின் முன்முனையில் இருக்கிறாள். சனிக்கிழமை காலையில் புட்னி கரையில் தேநீர்ப் போத்தலோடு நாங்கள் நிற்கிறோம். கரையேறியதும் அவள் கேட்கும் முதல் கேள்வி, வீட்டில் என்ன கறி என்பதுதான்.