ஜைத்தான் எரர் வந்தா முதல்ல ஜாவாவைப் பாருங்க

உங்க ப்ராஜெக்ட் முழுக்க ஜாவா. அதுல அடிக்கடி மாறுற ரூல்ஸை மட்டும் பைத்தான்ல எழுதினா நல்லா இருக்குமேன்னு யோசிக்கிறீங்க. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மொத்தத்தையும் கம்பைல் பண்ண வேண்டாம் இல்லையா? அப்போ யாராவது ஒருத்தர் ஜைத்தான்னு ஒரு பேரைச் சொல்வாங்க. பிளேஸ்மென்ட் ஆகிப் போற இடத்துலயும் இது எதிர்ப்படலாம். வெப்லாஜிக் சர்வரோட அட்மின் ஸ்கிரிப்ட், பர்ப் சூட்டோட பைத்தான் எக்ஸ்டென்ஷன், ஃபிஜியில் பைத்தான்ல எழுதுற இமேஜ் அனாலிசிஸ் ஸ்கிரிப்ட் எல்லாத்துக்கும் பின்னாடி இதுதான் ஓடுது.

1997ல ஜிம் ஹுகுனின் இதை ஆரம்பிச்சார். அப்போ பேரு ஜேபைத்தான். நம்பையோட முன்னோடியான நியூமெரிக்கை எழுதினவரும் இவரேதான். பிறகு டாட்நெட்டுக்கு அயர்ன்பைத்தானையும் செஞ்சார். இதுல வேடிக்கை என்னன்னா, ஜைத்தான்ல நம்பை ஓடாது.

ஏன் ஓடாது? நாம தினமும் பயன்படுத்துற பைத்தான் சி மொழியில் எழுதப்பட்டது. நம்பையோட உள்பகுதியும் சிதான். ஜைத்தானோ முழுக்க ஜாவா. உங்க ஸ்கிரிப்ட்டை ஜாவா பைட்கோடா மாத்தி ஜே.வி.எம்.கிட்ட கொடுக்குது. அதாவது ஓடுறது ஒரு ஜாவா புரோகிராம், எழுதின மொழி மட்டும்தான் பைத்தான். இதை மனசுல வெச்சுக்கிட்டா கீழே சொல்றது பாதி தானா புரிஞ்சிடும். இன்னொரு விஷயம், இது பைத்தான் 2.7. பைத்தான் 3 வேணும், நம்பை வேணும்னா இங்கேயே நிறுத்திட்டு கிரால்பை பக்கம் போங்க, இல்லைன்னா பைத்தானைத் தனி பிராசஸா ஓட்டுங்க. செகண்ட் ரிவ்யூவுக்கு அப்புறம் இதைக் கண்டுபிடிச்சா ரொம்பக் கஷ்டம்.

இப்போ டெப்ளாய்மென்ட். ஸ்டாண்டலோன் ஜார்னு ஒண்ணு கிடைக்கும், அதையே எடுங்க. பைத்தான் லைப்ரரி எல்லாம் அதுக்குள்ளேயே இருக்கு. சாதாரண ஜாரை மட்டும் ப்ராஜெக்ட்ல போட்டா, சைட்ங்கிற மாட்யூலைக் காணோம்னு முதல் வரியிலயே நின்னுடும். அந்த எரருக்குப் பத்து விதமான தீர்வு சொல்வாங்க. ஜாரை மாத்துறதுதான் சுலபம்.

அடுத்தது டேட்டாபேஸ். பலரும் மாட்டுறது இங்கதான். மைஎஸ்கியூஎல் டிரைவர் ஜாரை கிளாஸ்பாத் ஆப்ஷன்ல கொடுத்து, அதே வரியில மைனஸ் ஜார் போட்டு ஜைத்தானை ஓட்டுவீங்க. டிரைவர் இல்லைன்னு வரும். பாத் சரி, ஃபைல் இருக்கு, ஆனாலும் இல்லைங்குது. காரணம் ஜைத்தான் இல்ல, ஜாவா. மைனஸ் ஜார் கொடுத்துட்டா நீங்க தந்த கிளாஸ்பாத்தை ஜாவா கண்டுக்கவே கண்டுக்காது, வார்னிங்கும் தராது. அதனால மைனஸ் ஜாரை விட்டுடுங்க. ரெண்டு ஜாரையும் கிளாஸ்பாத்துலயே கொடுத்து, ஜைத்தானோட மெயின் கிளாஸ் பேரை நீங்களே எழுதுங்க. நடுவுல லினக்ஸ்னா கோலன், விண்டோஸ்னா செமிகோலன். ஸ்கிரிப்ட்டுக்குள்ள சிஸ் பாத்துல ஜாரைச் சேர்த்தா போதாதான்னு கேட்பீங்க. இம்போர்ட் வேலை செய்யும். ஆனா டிரைவர் மேனேஜர் தன் கிளாஸ்லோடர் வழியா தேடுறதால அதுக்கு டிரைவர் தெரியாது. அரைகுறையா வேலை செய்றதுதான் இங்க நம்மளக் குழப்புது.

உங்க லேப்டாப்ல ஓடி, காலேஜ் லேப் மெஷின்ல ஓடலையா? ஸ்கிரிப்ட்டோட ஆரம்பத்துல ஜாவா வெர்ஷன், கிளாஸ்பாத், சிஸ் பாத் மூணையும் பிரிண்ட் பண்ணி ரெண்டு மெஷின்லயும் ஒப்பிட்டுப் பாருங்க. ஜாவா 8, 11ல பெருசா தகராறு இருக்காது. 17ல ஜாவா தன் உள் கிளாஸ்களை இறுக்கிப் பூட்டி வெச்சிருக்கு, அதைத் தொட்டா இன்னக்சஸிபிள் ஆப்ஜெக்ட்னு எரர் வரலாம். அப்போ ஆட் ஓப்பன்ஸ் ஆப்ஷன்ல அந்தப் பேக்கேஜைத் திறந்து விடணும். லேப்ல இன்னொண்ணும் வரும், பேக்கேஜ் கேஷ் ஃபோல்டரை உருவாக்க முடியலன்னு. ஜாரை அட்மின் ஃபோல்டர்ல வெச்சிருப்பாங்க, உங்களுக்கு அங்க எழுத அனுமதி இல்லை, அவ்ளோதான். கேஷ் ஃபோல்டரை உங்க ஹோமுக்கு மாத்திக்கோங்க.

எரரை எப்படிப் படிக்கிறதுன்னும் சொல்லிடறேன். மேல பைத்தான் வரி எண்கள் வரும், அதுக்குக் கீழ ஜாவா ஸ்டேக் முப்பது நாப்பது வரிக்கு ஓடும். மேல் பகுதி எங்க நடந்ததுன்னு சொல்லும், கடைசி வரி என்ன நடந்ததுன்னு சொல்லும். நடுவுல இருக்கிறது பெரும்பாலும் ஜைத்தானோட சொந்தக் கதை. குரூப்ல உதவி கேக்கும்போது நடுப்பகுதியை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடாதீங்க ப்ளீஸ்.

எரரே வராத பிரச்சினைதான் மோசம். எங்க பேட்ச்ல ஒரு டீம் சென்சார் ரீடிங்கை ஆறு மணி நேரம் ஃபைல்ல எழுதிட்டு, டாஸ்க் மேனேஜர்ல பிராசஸை நிறுத்தினாங்க. திறந்து பார்த்தா கடைசிப் பகுதியைக் காணோம். மறுநாள் ரிவ்யூ. ராத்திரி முழுக்க உட்கார்ந்து டெஸ்ட்டை மறுபடியும் ஓட்டினாங்க. அவங்க கோட் சாதாரண பைத்தான்ல சரியா ஓடுற கோட்தான். அங்க ஃபங்ஷன் முடிஞ்சு ஃபைல் ஆப்ஜெக்ட்டை யாரும் பிடிச்சிருக்கலைன்னா அந்த நிமிஷமே மூடிடும், பஃபர்ல இருந்ததும் டிஸ்க்குக்குப் போயிடும். ஜே.வி.எம்.ல அது கார்பேஜ் கலெக்டருக்கு எப்போ தோணுதோ அப்போதான். அதுக்குள்ள பிராசஸைக் கொன்னுட்டா பஃபரும் போச்சு. ஃபைலை வித் போட்டே திறங்க, நீளமா ஓடுறதுன்னா இடையிடையே ஃப்ளஷ் பண்ணுங்க. சாக்கெட், டேட்டாபேஸ் கனெக்ஷனையும் இதே மாதிரி நீங்களே மூடணும்.

பெரிய டிக்ஷனரியை கோடுக்குள்ளயே எழுதி வெச்சா மெத்தட் கோட் டூ லார்ஜ்னு வரும். ஜாவால ஒரு மெத்தடோட பைட்கோட் 65,535 பைட்டுக்கு மேல போகக் கூடாது. டேட்டாவை ஜேசான் ஃபைலுக்கு மாத்திடுங்க.

கடைசியா தமிழ். ஜாவாக்குள்ள இருந்து ஸ்கிரிப்ட்டை ஸ்ட்ரிங்கா அனுப்பும்போது அதுல ஒரு தமிழ் எழுத்து இருந்தாலும் நான் பைட் வேல்யூன்னு சொல்லி விழுந்துடும். பைத்தான் 2ல சாதா ஸ்ட்ரிங்னா பைட்தான், 255ஐத் தாண்டுற எதுவும் அதுல அடங்காது. ஸ்கிரிப்ட்டை யூடிஎஃப்-8 ஃபைலா சேமிச்சு, முதல் வரியில கோடிங்கைக் குறிப்பிட்டு, அந்த ஃபைலை ஓட்டுங்க. தமிழ் ஸ்ட்ரிங்குக்கு முன்னாடி யு போட மறக்காதீங்க. யு இல்லாம 'தமிழ்'ங்கிற சொல்லோட நீளத்தைக் கேட்டா 15ன்னு வரும், யு போட்டா 5.