பார்ப்பவர் பல்லாயிரம், ஆடுபவர் யார்?

ஐதராபாத் நகரில் ஹப்சிகுடா என்ற பகுதி இருக்கிறது. அங்கே மெட்ரோ ரயிலில் ஏறி உப்பல் பக்கம் போனால், இரண்டாவது நிறுத்தத்தின் பெயர் ஸ்டேடியம். அருகில் பெரிய கிரிக்கெட் மைதானம் உள்ளது. போட்டி நாளில் பல்லாயிரம் பேர் கூடுவார்கள். ஆடுவது 22 பேர்தான். மற்றவர்கள் கைதட்டிவிட்டு வீடு திரும்புவார்கள்.

எல்லோரும் விளையாட முடியாதா? சோவியத் யூனியன் இதைச் செய்து பார்த்தது. அங்கே சோசலிச ஆட்சி நடந்தது. ஆலைகள் அரசின் கையில் இருந்தன.

1931-இல் அங்கே ஒரு திட்டம் தொடங்கியது. ‘உழைக்கவும் நாட்டைக் காக்கவும் தயார்’ என்பது அதன் பெயர். ஓட வேண்டும், தாண்ட வேண்டும், நீந்த வேண்டும், எறிய வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அளவு உண்டு. யாரையும் தோற்கடிக்க வேண்டாம். குறித்த அளவை எட்டினால் போதும். எட்டியவருக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பதக்கம் கிடைக்கும். பல லட்சம் பேர் அதைப் பெற்றார்கள்.

இது எப்படி நடந்தது? வேலை செய்யும் இடத்திலேயே விளையாட்டுச் சங்கம் இருந்தது. ரயில்வே தொழிலாளர்களுக்கு 1936-இல் லோகோமோட்டிவ் என்ற சங்கம் அமைந்தது. மைதானமும் பயிற்சியாளரும் இருந்ததால், சாதாரணத் தொழிலாளியும் விளையாட வந்தார்.

குறைகளும் இருந்தன. கைக்குண்டு எறிவதும் ஒரு தேர்வு. மக்களைப் போருக்குத் தயார் செய்வதும் அரசின் நோக்கம். இன்னொரு குறையும் உண்டு. பணத்துக்காக அல்லாமல், விருப்பத்துக்காக விளையாடுபவரை அமெச்சூர் என்பார்கள். அந்நாளில் ஒலிம்பிக்கில் அமெச்சூர்களே கலந்துகொள்ளலாம். சோவியத் வீரர்கள் பலர் பெயருக்கு ராணுவத்திலோ ஆலையிலோ வேலை பார்த்தார்கள். உண்மையில் நாள் முழுவதும் பயிற்சிதான். செலவு அரசுடையது. 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தது. அந்தத் திட்டத்தை ரஷ்யா 2014-இல் மீண்டும் கொண்டுவந்தது.

நம் நாட்டிலும் வேலை பார்த்துக்கொண்டே விளையாடியவர்கள் உண்டு. ஐதராபாத் நகரப் போலீஸ் கால்பந்து அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அதன் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் பயிற்சியில் இந்திய அணி 1956 ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது.

திறமை எல்லா ஊரிலும் இருக்கிறது. அது வெளியே வர இடம் வேண்டும், நேரம் வேண்டும், கற்றுத்தர ஆள் வேண்டும். இவை இல்லாவிட்டால் நாம் பார்ப்பவர்களாகவே இருந்துவிடுவோம்.

உங்கள் ஊரில் விளையாட்டுத் திடல் இருக்கிறதா? பெண்களும் அங்கே விளையாடுகிறார்களா? திடல் இல்லை என்றால் கிராம சபையில் கேளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் தமிழ்நாட்டில் கிராம சபை கூடும். கோரிக்கையை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். இப்போது உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே!