திரௌபதி ரதம்: கொற்றவையின் கற்குடிசை

செங்கல்பட்டு மாவட்டத்தின் பழைய அம்மன் கோயில்களுள் ஒன்று, மாமல்லபுரத்தின் இந்தத் 'திரௌபதி ரதம்'. 7ஆம் நூற்றாண்டில் பல்லவர் காலச் சிற்பிகள் பாறையைச் செதுக்கி, கூரை வேய்ந்த குடிசையின் வடிவில் இதை எழுப்பினர். இங்குள்ள ரதங்களின் பாண்டவர் பெயர்கள் பின்னாளில் ஒட்டிக்கொண்டவை. இது தேரும் அல்ல, திரௌபதிக்கு எடுத்ததும் அல்ல. உள்ளே பின்சுவரில் நான்கு கைகளுடன் நிற்பவள் துர்க்கை, அதாவது கொற்றவை. அவள் காலடியில் ஒருவன் தன் தலையையே அரிந்து படைக்க முனைகிறான். வாயிலின் இருபுறமும் காவல் பெண்கள். வெளியே அவளுடைய சிங்கம்.

திரௌபதியும் நமக்கு அம்மன்தானே, அவளுக்கும் தீமிதிக்கிறோமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சிங்கமும் தலைப்பலியும் கொற்றவைக்கு உரியவை. ஐயம் தீரவில்லையென்றால் சுற்றி வந்து கிழக்கு வெளிச்சுவரைப் பாருங்கள்: அங்கே அவள் எருமைத் தலைமேல் நிற்கிறாள்.