பொம்மைக்குக் கண் அமைத்தல்

கோயிற் சிற்பி, திருவுருவத்தின் மற்ற உறுப்புகளையெல்லாம் முடித்த பின்னரே அதற்குக் கண் திறக்கிறான் என்பது நேயர்கள் அறிந்ததே. வீட்டில் ஃபெல்ட் துணியால் பொம்மை செய்வோர்க்கும் கண்ணே தலையாய வேலை. ஆனால் இங்கே முறை சற்று மாறும். எவ்வகைக் கண் அமைப்பது என்பதைத் துணியை வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரு வினா போதும்: இப்பொம்மை நவராத்திரிக் கொலுப்படியில் அமரப் போகிறதா, குழந்தையின் கையில் புரளப் போகிறதா?

ஃபெல்ட் என்பது நெய்த துணியன்று. ஆட்டு உரோமத்தை ஈரத்தாலும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒன்றோடொன்று பிணையச் செய்து ஆக்குவது. காஷ்மீரத்து நம்தா விரிப்பும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. செயற்கை இழையால் ஆன ஃபெல்ட்டும் இன்று கடைகளில் கிடைக்கிறது. பாவும் ஊடும் இல்லாமையால் வெட்டிய விளிம்பு பிரிவதில்லை. மிளகளவு வட்டம் வெட்டினாலும் நூல் நூலாக உதிராது. எனவே கண்மணி செய்ய இது மிகவும் ஏற்றது. இந்த நன்மையிலேயே ஒரு குறையும் உண்டு. துளையிட்ட இடத்தை இழுத்தால் தாங்கிப் பிடிக்க நூலோட்டம் இல்லை; துளை விரிந்துவிடும்.

ஜெர்மனியில் மார்கரேட் ஷ்டைஃப் என்னும் அம்மையார் 1880-இல் குண்டூசி செருகி வைப்பதற்காக ஃபெல்ட்டால் சிறு யானைகள் செய்தார். குழந்தைகள் அவற்றை விளையாட எடுத்துக்கொண்டனர். அவருடைய நிறுவனம் பின்னர்ச் செய்த முதற் கரடிப் பொம்மைகளுக்குக் காலணிப் பொத்தான்களே கண்களாயின. இத்தாலியின் டுரின் நகரில் தோன்றிய லென்சி பொம்மைகளுக்கோ ஃபெல்ட் முகத்தின்மீதே வண்ணத்தால் கண் தீட்டினர். அக்கண்கள் பெரும்பாலும் ஒருபுறமாக நோக்குவதால் முகத்தில் ஒரு குறும்பு தோன்றும்.

நம் வீடுகளில் கையாளத்தக்க முறைகள் மூன்று. முதலாவது, ஃபெல்ட் வட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைப்பது. அடியில் வெள்ளை, அதன்மேல் பழுப்பு, நடுவில் கறுப்பு. கறுப்பின் ஓரத்தில் வெள்ளை நூலால் ஒரே ஒரு தையல். அந்த ஒளிப்புள்ளி இல்லாத கண் உயிரற்றுத் தோன்றும். இரு கண்களிலும் அது ஒரே பக்கத்தில் அமைய வேண்டும். மாறினால் பார்வை கலைந்துவிடும். பசையை மட்டும் நம்பாது, விளிம்பைச் சுற்றி நெருக்கமாகத் தைக்க வேண்டும்.

இரண்டாவது, நூலாலேயே கண் இடுவது. சிறு கண்ணுக்கு ஒரு முடிச்சுத் தையல் போதும். பெரிய கண்ணுக்கு வட்டம் வரைந்து, நூலை இடைவெளியின்றி அடுக்கி நிரப்பலாம்.

மூன்றாவது, மணி, பொத்தான், பிளாஸ்டிக் கண் ஆகியவற்றைப் பொருத்துவது. பின்புறம் வளையம் இட்டுப் பூட்டும் பிளாஸ்டிக் கண்ணைப் பஞ்சடைத்து மூடிய பின் பொருத்த இயலாது. ஆகவே தற்காலிகமாகப் பஞ்சடைத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, பஞ்சை நீக்கிக் கண்ணைப் பூட்டி, மீண்டும் அடைக்க வேண்டும். துளையைக் கத்தரியால் வெட்டாது ஊசிமுனையால் சிறிதாக இட்டு, உட்புறத்தில் நெய்த துணித்துண்டு ஒன்றை வைத்துத் தைத்தால் ஃபெல்ட் கிழியாது.

எம்முறையாயினும், கண்ணை நிலையாகப் பதிக்குமுன் தலை உருண்ட இரு குண்டூசிகளைச் செருகி இடம் பார்ப்பது நன்று. முகத்தின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, ஒன்றற்கொன்று விலகி நிற்கும் கண்கள் குழந்தை முகத்தைத் தரும். மேலே ஏற்றி நெருக்கினால் அதே முகம் முதுமையடையும். ஆந்தைக்குக் கண் முன்நோக்கியும், முயலுக்கும் யானைக்கும் பக்கவாட்டிலும் அமைய வேண்டும். கண்ணிலிருந்து நூலைத் தலையின் பின்புறம் வரை செலுத்தி மெல்ல இழுத்து முடிந்தால், கண்குழி பதிந்து முகம் திருத்தம் பெறும். வேலை முடிந்ததும் குண்டூசிகளை எண்ணி எடுத்து வைக்க மறத்தலாகாது.

இனி, முதலில் கேட்ட வினாவுக்கு வருவோம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். பொருளிலிருந்து கழன்ற துண்டு அதனுள் முழுதும் அடங்கினால், அது குழந்தையின் தொண்டையை அடைக்கவல்லது என்று கொள்வர். நம் சட்டைப் பொத்தான் அதில் எளிதாக அடங்கும். மணியும் பிளாஸ்டிக் கண்ணும் அப்படியே. ஆலைகளில் செய்து விற்கும் பொம்மைகளுக்கு இந்தியாவில் 2021 ஜனவரி முதல் தர முத்திரை கட்டாயமாயிற்று. வீட்டில் தாயோ பாட்டியோ செய்யும் பொம்மையைச் சோதிக்க எவரும் வருவதில்லை. செய்தவரே சோதித்தாக வேண்டும்.

எனவே சிறு குழந்தைக்கு நூற்கண்ணே தக்கது. அதில் கழன்று விழத் துண்டு ஏதும் இல்லை. வாயில் வைத்துச் சப்பினாலும் கண் கையோடு வாராது. சாயம் போகாத நூலா என்பதை முன்னரே ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துக்கொள்ளலாம். மணிக்கண்ணின் பளபளப்பைக் கொலுப் பொம்மைக்கு வைத்துக்கொள்வோம். ஊரிலிருந்து இரயிலேற்றிக் கொணரும் மண்பொம்மை வழியில் உடைவதுண்டு. ஃபெல்ட் பொம்மைக்கு அவ்வச்சம் இல்லை. தில்லியிலோ கல்கத்தாவிலோ வாழும் நம் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒன்றாகச் செய்து சேர்த்தாலும், சில ஆண்டுகளில் ஒரு படி நிறைந்துவிடும்.